வலிப்பு நோய்க்குப் பழைய கார்டினாலா, புதிய மாத்திரையா?

வலிப்பு நோய் என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், அடுத்த சில ஆண்டுகளுக்கு, சிலருக்கு வாழ்நாள் முழுவதற்குமே, நாள் தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரை எது என்பதை முடிவு செய்தாக வேண்டும். நகரத்து நரம்பியல் மருத்துவர்களின் சீட்டுகளில் இன்று பெரும்பாலும் லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின், வால்புரோயேட் போன்ற பெயர்களே காணப்படுகின்றன. ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஃபீனோபார்பிடோன் இன்னும் ஓய்வு பெறவில்லை. கார்டினால் என்ற வணிகப் பெயராலேயே நம் நாட்டு நோயாளிகள் அறிந்திருக்கும் அந்தச் சிறிய மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இடம்பெற்றிருக்கிறது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதலில் எடுக்கப்படும் மருந்தாகவும் அதுவே இருக்கிறது. வலிப்பை அடக்கும் ஆற்றலில் கார்டினால் தோற்றுப்போனதாக நான் கருதவில்லை. அதற்குப் பதிலாக அது உடலிடமும் மூளையிடமும் கேட்கும் விலைதான் அதைப் பின்னுக்குத் தள்ளியது. அந்த விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுக்க வேண்டியிருப்பதில்லை என்பதால், யாருக்காக இந்த முடிவை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒப்பீடும் மாறிக்கொண்டே போகிறது.

ஃபீனோபார்பிடோன் பார்பிட்யூரேட் எனப்படும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் முதலில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது, எமில் ஃபிஷரும் யோசெஃப் ஃபான் மேரிங்கும் 1903ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய வெரோனால் என்ற தூக்க மருந்து. 1912இல் பேயர் நிறுவனம் லூமினால் என்ற பெயரில் ஃபீனோபார்பிடோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் அதே ஆண்டில் அதைத் தம் நோயாளிகளுக்கு உறக்கத்துக்காகக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு வந்துகொண்டிருந்த வலிப்புகளும் குறைந்ததைக் கவனித்து எழுதினார். அதுவரை வலிப்புக்குக் கைவசம் இருந்தது பொட்டாசியம் புரோமைடு மட்டுமே என்பதால், இந்தக் கண்டுபிடிப்பின் பெறுமதி அன்றைய மருத்துவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராக இடத்தை இழந்தனர். தூக்க மாத்திரைகளின் இடத்தை 1960களில் பென்சோடயஸெபின்கள் என்ற வேறொரு மருந்துக் குடும்பம் பிடித்துக்கொண்டது. 1934இலிருந்து அறுவை அரங்குகளை ஆண்ட தயோபென்டோன் மயக்க ஊசியின் இடத்துக்குப் பெரும்பாலும் புரோபோஃபால் வந்துவிட்டது. அன்றாட மருந்துச் சீட்டில் பெரிய அளவில் எஞ்சி நிற்பது ஃபீனோபார்பிடோன் ஒன்றுதான்.

மற்றவை வழக்கொழிந்ததற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இதன் அபாயமும் விளங்கும். மூளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருள், அணுச்சவ்விலுள்ள குளோரைடு வாயில்களைத் திறந்து தன் வேலையைச் செய்கிறது. பென்சோடயஸெபின்கள் அந்த வாயில்கள் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. பார்பிட்யூரேட்டுகளோ திறந்த வாயில் நெடுநேரம் மூடாமல் இருக்கச் செய்கின்றன. அளவு மிகுந்தால், காபாவின் துணை இல்லாமலேயே வாயிலைத் திறந்துவிடவும் அவற்றால் முடியும். ஆகவே அளவு மீறியவர் ஆழ்ந்த மயக்கத்தில் விழுவதோடு, மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் அடங்கிவிட நேரிடுகிறது. இதை நேரடியாக முறிக்கும் மருந்து கிடையாது. லெவெடிராசெட்டத்துக்கு இத்தகைய பேரபாயம் பெருமளவு குறைவு. வீட்டில் மனச்சோர்வுடன் போராடும் ஒருவர் இருக்கிறார் என்றாலோ, மதுப்பழக்கம் உள்ளவர் என்றாலோ, வேறு எந்தக் கணக்கையும் பார்க்கும் முன் இதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். கார்டினாலுடன் மது சேர்ந்தால் இரண்டும் ஒரே திசையில் மூச்சைத் தாழ்த்தும்.

வலிப்பை அடக்கும் திறன்

இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடிய ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1985இல் வெளியானது. 622 பெரியவர்களுக்கு கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன், பெனிடாயின், பிரிமிடோன் ஆகிய நான்கு வலிப்பு மருந்துகளில் ஒன்று குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டது. உடல் முழுவதும் விறைத்து வெட்டி இழுக்கும் பெருவலிப்பைக் கட்டுப்படுத்துவதில் நான்குக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பை முற்றிலும் நிறுத்துவதில் கார்பமசெபின் முன்னணியில் நின்றது. நெடுநாள் தொடர்ந்து எடுக்க முடிந்ததா என்று பார்த்தபோது கார்பமசெபினும் பெனிடாயினும் மேலே வந்தன.

மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் கிடைத்த அனுபவம் இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. சீனாவின் கிராமப்புறங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடந்த திட்டம் ஒன்றில், அடிப்படைப் பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் மருத்துவர்கள் 2,455 நோயாளிகளுக்கு ஃபீனோபார்பிடோன் கொடுத்துக் கவனித்தனர். ஓராண்டுச் சிகிச்சையை முடித்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு அறவே வரவில்லை. நம் பக்கத்தில் கர்நாடகத்தின் எலந்தூர் வட்டாரத்தில் டாக்டர் கே.எஸ். மணியும் குழுவினரும் ஃபீனோபார்பிடோனையும் பெனிடாயினையும் மட்டும் கொண்டு கிராம மக்களுக்குச் சிகிச்சை அளித்து, அந்த இரண்டு மலிவான மருந்துகளாலேயே பெரும்பாலோரின் நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று காட்டினர். மூளை அலைப்பதிவுக் கருவியோ நரம்பியல் நிபுணரோ எட்டாத தொலைவில் இருக்கும் இடத்தில், மருந்தே எடுக்காமல் இருப்பதோடு ஒப்பிட்டால் கார்டினால் எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

திறன் இல்லாத இடமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பேச்சை நிறுத்தி, பிறகு எதுவும் நடவாததுபோல் தொடரும் வகை வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் பயன்படாது. சிலருக்கு அதை மிகுதியாக்கவும் கூடும். அதற்கு எத்தோசக்சிமைடு அல்லது வால்புரோயேட் கொடுப்பதே முறை. கார்பமசெபினும் பெனிடாயினும்கூட அந்த வகையிலும், விடியற்காலையில் கைகள் திடீரென உதறிக் கையிலுள்ள தம்ளர் தெறித்து விழும் இளவயது வலிப்பு வகையிலும் நிலைமையைக் கெடுக்கலாம். வலிப்பு எப்படித் தொடங்கியது என்பதைக் கைபேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுவது, எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பல பரிசோதனைகளைவிட அதிகம் உதவும்.

விலையாகக் கேட்பது

கார்டினாலைப் பற்றி நோயாளிகள் முதலில் சொல்லும் புகார் தூக்கக் கலக்கம். இரவில் 30 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரம் பொறுத்து உயர்த்தினால் பலருக்கு இது தணிந்துவிடும். சிலருக்கு, வாய் திறந்து சொல்லாத ஒரு மந்தமாக நாள் முழுவதும் நீடிக்கும். கணக்கு எழுதுபவருக்கு ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டிவரும். தையல் எந்திரத்தில் உட்காருபவருக்கு விரல் நிதானம் குறையும். உடனே தெரியும் கோளாறாக இல்லாததால் மருத்துவர் கேட்காதவரை இது சீட்டில் ஏறுவதில்லை. பல ஆண்டு கழித்து மருந்தை மாற்றிய பிறகுதான், அவ்வளவு காலமும் தெளிவில்லாமல் இருந்ததையே அவர்கள் உணர்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த விலை இன்னும் கூடுதல். தூங்கி வழிவதற்கு மாறாக, சில குழந்தைகள் கார்டினாலில் ஓரிடத்தில் நிற்காமல் ஓடியாடி, எரிச்சலும் பிடிவாதமுமாக மாறிவிடுவார்கள். பள்ளியிலிருந்து புகார் வரத் தொடங்கும். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது. காய்ச்சலில் வலிப்பு வந்த 217 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஃபீனோபார்பிடோனும் மறுபாதியினருக்கு மருந்துச் சத்து எதுவுமில்லாத வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஈராண்டு முடிவில் மருந்து பெற்ற பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக 8.4 புள்ளி குறைவாக இருந்தது. காய்ச்சல் வலிப்பு திரும்ப வருவதையாவது அது தடுத்ததா என்றால் அதுவும் இல்லை. காய்ச்சல் வலிப்புக்காகத் தினமும் கார்டினால் கொடுக்கும் வழக்கம் மறைந்ததற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். இன்றும் எங்காவது அதற்காக இது எழுதப்பட்டால், பெற்றோர் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறேயில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் கிராமங்களில் வலிப்பு நோயுள்ள 94 பிள்ளைகளிடம் நடந்து 1998இல் வெளியான குலுக்கல் ஆய்வில், ஃபீனோபார்பிடோன் எடுத்தவர்களுக்கும் பெனிடாயின் எடுத்தவர்களுக்கும் நடத்தைக் கோளாறுகளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஒப்பிடப்பட்ட பெனிடாயினும் மூளையைச் சற்று மந்தப்படுத்தும் மருந்துதான் என்பதை மறக்கக்கூடாது. இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது: பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைக்கு வேறு மருந்து தடையின்றிக் கிடைக்குமானால் கார்டினாலைத் தவிர்க்கலாம், கிடைக்காது என்றால், வலிப்பை அப்படியே விட்டுவைப்பதைவிடக் கார்டினால் கொடுத்து, மாதந்தோறும் ஆசிரியரிடம் படிப்பையும் நடத்தையையும் கேட்டறிந்து வரலாம்.

மாற்று மருந்துகளும் இலவசமாக வருவதில்லை. லெவெடிராசெட்டம் மற்ற மருந்துகளோடு மோதுவதில்லை, விரைவில் முழு அளவுக்கு உயர்த்தலாம், ரத்தப் பரிசோதனை அதிகம் தேவைப்படாது. ஆனால் சிலரிடம் அது முன்பில்லாத கோபத்தையும் மனச்சோர்வையும் கிளப்பிவிடும், வீட்டாரே முதலில் அதைக் கவனிப்பார்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். பெனிடாயின் ஈறுகளை வீங்க வைக்கும், பெண்களுக்கு முகத்தில் மயிர் வளர்க்கும். அதோடு, ஒரு வரம்புக்கு மேல் சிறிதளவு கூட்டினாலும் ரத்தத்தில் அளவு சடாரென்று ஏறிப் போதை கொண்டவர்போல் தள்ளாட வைக்கும். கார்பமசெபின் ரத்தத்தின் சோடியத்தைத் தாழ்த்தும், அரிதாகத் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். கார்பமசெபினிலோ பெனிடாயினிலோ அப்படித் தடிப்பு கண்டவருக்கு ஃபீனோபார்பிடோனும் அதையே செய்யக்கூடும் என்பதால், அவருக்குக் கார்டினால் மாற்று மருந்தாகாது. வால்புரோயேட் பல வகை வலிப்புக்கும் கேட்கும்; எடை கூடும், முடி உதிரும், கை நடுங்கும், அரிதாகக் கல்லீரலையும் கணையத்தையும் தாக்கும்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு

இங்கே ஒப்பீடு எண்களாகவே நிற்கிறது. பல நாடுகளின் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த யூராப் பதிவேட்டின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தாய் தனியொரு மருந்தாக எடுத்தபோது குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏற்பட்டது வால்புரோயேட்டில் 10.3 விழுக்காடு, ஃபீனோபார்பிடோனில் 6.5, கார்பமசெபினில் 5.5, லாமோட்ரிஜினில் 2.9, லெவெடிராசெட்டத்தில் 2.8. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்கும் இரண்டு மூன்று விழுக்காடு இருக்கத்தான் செய்கிறது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், கடைசி இரண்டும் ஏன் முதல் தேர்வாயின என்பது விளங்கும். வால்புரோயேட் பிறவிக் குறைபாட்டோடு நில்லாமல் பிள்ளையின் அறிவு வளர்ச்சியையும் பாதிப்பதால், பிரிட்டன் 2024 ஜனவரியிலிருந்து 55 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எவருக்கும் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஒப்புக்கொள்ளாமல் அதைப் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் கேரள வலிப்பு மற்றும் கர்ப்பப் பதிவேடு பல ஆண்டுகளாக நடந்து வருவதால், நம் வட்டாரப் பெண்களைக் கொண்டே இதுபற்றிப் பேச நமக்கு ஆதாரம் இருக்கிறது.

கார்டினாலில் அளவு கூடக்கூட அபாயமும் கூடும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால், மாற்றுவதற்கான நேரம் கர்ப்பம் உறுதியான பிறகன்று. பல மாதங்கள் முன்னதாகவே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மாற்றத்தை முடித்து, ஃபோலிக் அமிலத்தையும் தொடங்கிவிட வேண்டும். கர்ப்பம் தெரிந்த பதற்றத்தில் மாமியாரோ தாயாரோ சொன்னார் என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. விடாத வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து. தாய்ப்பால் கொடுக்கும் தாய் கார்டினால் எடுத்தால், மருந்து பாலின் வழியே சேர்ந்து குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு செய்தி பலருக்குச் சொல்லப்படுவதேயில்லை: ஃபீனோபார்பிடோன் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால் கருத்தடை மாத்திரைகள் பலனற்றுப் போகலாம். காப்பர்-டி போன்ற சாதனங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கார்பமசெபினும் பெனிடாயினும் இதையே செய்யும், லெவெடிராசெட்டம் செய்யாது.

பச்சிளங்குழந்தைக்கு

இதுவரை எல்லா இடத்திலும் பின்வாங்கிய மருந்து இங்கே முன்னே வருகிறது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வருவதுண்டு. கை கால் வெட்டாமல், உதடு சப்புவதும் கண் ஒருபக்கம் இழுப்பதும் சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவதுமாகவே அது தென்படக்கூடும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தை என்றால், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 60 மில்லிகிராம் ஃபீனோபார்பிடோனைச் சிரிஞ்சு பம்பில் ஏற்றி மெதுவாக ரத்தக் குழாய் வழியே செலுத்துவார்கள். செவிலியரின் ஒரு கண் பம்பிலும் மறு கண் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதிலும் இருக்கும். மூச்சு தாழ்ந்தால் கொடுக்க முகமூடியும் பையும் தலைமாட்டில் தயாராக இருக்கும்.

இந்த இடத்திலும் லெவெடிராசெட்டத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று பல பிரிவுகள் நம்பிக் கொடுக்கவும் தொடங்கியிருந்த வேளையில், 2020இல் நியோலெவ் 2 என்ற ஆய்வு வெளியாயிற்று. மூளை அலைப்பதிவைத் தொடர்ந்து கண்காணித்தபடி இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததில், ஃபீனோபார்பிடோன் பெற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரம் வலிப்பு திரும்பவில்லை. லெவெடிராசெட்டம் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 28 விழுக்காடு மட்டுமே. ரத்த அழுத்தம் தாழ்வதும் மூச்சு அடங்குவதும் ஃபீனோபார்பிடோனில் அதிகம் என்றாலும், விளைவில் இத்தனை பெரிய இடைவெளி இருக்கும்போது முடிவெடுப்பது கடினமன்று. வலிப்பு நோய்க்கெதிரான சர்வதேச லீக் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பச்சிளங்குழந்தைகளுக்கு ஃபீனோபார்பிடோனையே முதல் மருந்தாகச் சொல்கிறது. நரம்பணுச் சவ்விலுள்ள அயனி வாயில்களின் மரபணுக் கோளாறு என்று ஐயமிருந்தால் மட்டும் பெனிடாயின் அல்லது கார்பமசெபின் என்று விலக்குத் தருகிறது. அதே வழிகாட்டுதல், பிறப்புக் காலப் பாதிப்பால் வந்து அடங்கிய வலிப்புக்கு வீடு திரும்பும் முன்பே மருந்தை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறது. ஆறு மாதம், ஓராண்டு என்று பழக்கத்தால் தொடரப்படும் கார்டினால் சிரப்பைப் பற்றிப் பெற்றோர் கேள்வி எழுப்ப இந்த ஒரு வரி போதும்.

பல ஆண்டுகளாக எடுத்துவருபவர்

நடைமுறையில் அதிகம் எதிர்ப்படும் கேள்வி இதுதான். பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கார்டினாலை ஐம்பது வயதிலும் இரவு உணவுக்குப் பின் தவறாமல் போட்டுக்கொள்ளும் ஒரு தச்சரை எனக்குத் தெரியும். கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று அவர் மனைவிக்கே நினைவில்லை. பழைய மாத்திரையின் அட்டையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார், கடையில் பெயரைச் சொல்லத் தடுமாறக்கூடாது என்பதற்காக. உறவினர் ஒருவர், இந்தக் காலத்தில் யார் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவருக்குக் குழப்பம். இத்தகையவருக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் சார்பு. வலிப்பு நின்றிருக்கிறது, வேலை நடக்கிறது, புகார் இல்லை; புதிய மருந்தின் வாக்குறுதியைவிட இந்த அமைதியின் மதிப்பு கூடுதல். மாற்றும் காலத்தில் ஒரே ஒரு வலிப்பு வந்தாலும், ரம்பத்தின் அருகில் நிற்பவருக்கு அது கையைப் பறிக்கும். அவருக்குத் தேவைப்படுவது வைட்டமின் டி அளவு, எலும்பின் வலு, தோள்பட்டை இறுகியிருக்கிறதா, உள்ளங்கையில் தசைநார் சுருங்கியிருக்கிறதா என்ற சோதனைகள். நெடுநாள் ஃபீனோபார்பிடோனால் வரக்கூடிய இவை பெரும்பாலும் முதுமை என்று தள்ளிவிடப்படுகின்றன.

மாற்றியே ஆக வேண்டிய சூழல்களும் உண்டு. இதய வால்வு அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர், எச்.ஐ.வி. மருந்துகள் எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் ஆகியோரிடம், கார்டினால் தூண்டிய கல்லீரல் அந்த மருந்துகளைக் கரைத்துத் தள்ளிவிடும். வயது எழுபதைக் கடந்தவருக்கு மந்தமும் நிலைதடுமாறி விழுதலும் சேர்ந்தால் லாமோட்ரிஜின் அல்லது லெவெடிராசெட்டம் நல்லது. கடும் போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர் எந்த பார்பிட்யூரேட்டையும் தொடவே கூடாது.

மாற்றும் விதத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பெரியவர்களிடம் ஃபீனோபார்பிடோனின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய மூன்று முதல் ஐந்து நாட்கள் பிடிக்கும். ஓர் இரவு மறந்தாலும் பெரிதாகக் கெட்டுவிடாது என்பது இதன் நற்பயன். ஒரு நாளைக்கு இருமுறை போட வேண்டிய லெவெடிராசெட்டத்தில் அந்தச் சலுகை இல்லை, இரண்டு வேளை தவறினால் சிலருக்கு வலிப்பே வந்துவிடும். மறதிக்காரருக்கும், வெளியூர் வேலைக்கு அலைபவருக்கும் இது சிறிய விஷயமன்று. மருந்து இப்படி ரத்தத்தில் நெடுநாள் தங்குவதன் மறுபக்கம், அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் முழு விளைவு தெரிய மூன்று வாரமாவது ஆகும் என்பது. ஆகவே புதிய மருந்தை முதலில் முழு அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு கார்டினாலை மாதத்துக்குச் சிறிதளவாகப் பல மாதங்களில் இறக்க வேண்டும். மூளை பழகிப்போன மருந்து இது என்பதால், சட்டென்று நிறுத்தினால் பழைய நோயைவிடக் கடுமையான வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். புதிதாகச் சேர்ப்பது வால்புரோயேட்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அது கார்டினாலின் சிதைவைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். முன்பு போட்ட அதே மாத்திரையில் நோயாளி திடீரென்று எழுந்திருக்க முடியாமல் தூங்குகிறார் என்றால், காரணத்தை அங்கே தேடலாம்.

கிடைப்பதும் செலவும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வலிப்புக்கான மருந்துச் செலவு ஆண்டொன்றுக்கு 5 டாலர் அளவுக்கே இறங்கிவிட முடியும். அந்தக் கணக்கைச் சாத்தியமாக்குவது ஃபீனோபார்பிடோன் போன்ற பழைய மருந்துகளே. லெவெடிராசெட்டத்தின் பொதுப்பெயர் மாத்திரைகள் இந்தியாவில் மலிந்துவிட்டாலும், கைக்காசில் வாங்கும் குடும்பத்துக்கு மாதச் செலவில் வேறுபாடு இன்னும் உறைக்கும். ஆனால் மலிவாக இருப்பதே கார்டினாலுக்குப் பகையாகவும் ஆகிறது. லாபம் குறைந்த மாத்திரையைச் சிறிய கடைகள் இருப்பில் வைக்க விரும்புவதில்லை. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையிலும் நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் ஃபீனோபார்பிடோன் இடம்பெற்றிருப்பதால், பதிவும் கணக்கும் தனியே பேண வேண்டிய சுமை வேறு. எனவே கார்டினால் என்று முடிவு செய்யும் முன், உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அது ஆண்டு முழுவதும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் தொடர்ந்து கொடுப்பது பெனிடாயினோ வால்புரோயேட்டோ என்றால், தாய்மையைத் திட்டமிடாத வயதில் இருப்பவருக்கு, மருத்துவர் ஒப்பினால் அதிலேயே நிற்பது, பாதி மாதம் கிடைத்து மீதி மாதம் கிடைக்காத எந்த மருந்தையும்விடப் பாதுகாப்பானது.

மாற்றுவது பற்றிப் பேசப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசி ஓராண்டில் வலிப்பு வந்த நாட்கள், முன்பு எந்த மருந்தில் தடிப்போ மயக்கமோ வந்தது என்ற விவரம், பெண்ணாக இருந்தால் குழந்தை பற்றிய எண்ணம், உயரத்தில் ஏறும் வேலையோ எந்திரத்தோடு வேலையோ உண்டா என்ற தகவல் ஆகியவை கையில் இருந்தால் பத்து நிமிட ஆலோசனையிலும் ஒழுங்கான முடிவு கிடைக்கும். வலிப்பின்போது உடன் இருந்து பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்கு அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை.